தீர்ப்பு நாளில் டிவியில் பேசும் பேராசிரியர்: அவர் சொல்வதை எப்படிக் கேட்பது?

பெரிய வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்த நாளில் சாயங்காலம் செய்தி சேனலைத் திறந்தால், பெரும்பாலும் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கட்சி சார்பில் பேச வந்தவர். இன்னொருவர் கறுப்புக் கோட்டை இன்னும் கழற்றாத வழக்கறிஞர். மூன்றாமவர் புத்தக அலமாரிக்கு முன்னால் அமர்ந்து காணொளியில் இணைந்திருப்பார்; பெயருக்குக் கீழே ‘சட்டப் பேராசிரியர்’ என்று போட்டிருக்கும். முதல் இருவர் எந்தப் பக்கம் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் பேச்சில் எவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். மூன்றாமவரிடம்தான் தடுமாறுகிறோம். படித்தவர், யார் பக்கமும் சாராதவர் என்று நம்பி அவர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்கிறோம். இல்லையென்றால், நமக்குப் பிடிக்காததைச் சொன்ன உடனே ‘இவரும் அந்தக் கட்சிதான்’ என்று தள்ளிவிடுகிறோம்.

இந்த இரண்டுமே அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் ஒரே மூச்சில் பேசுவதில் நான்கு தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள் கலந்திருக்கும். நீதிமன்றம் என்ன சொன்னது? என்ன காரணத்தால் சொன்னது? சொன்னது சரியா? இனி என்ன ஆகும்? முதல் இரண்டில் பேராசிரியரின் படிப்பு நமக்குப் பெரிய உதவி. மூன்றாவதில் அவர் தன் வாதத்தை வைக்கிறார். இன்னொரு பேராசிரியர் அதற்கு நேரெதிர் வாதத்தை வைக்கலாம். நான்காவதில் அவருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. கேட்கும்போது ‘இப்போது இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்?’ என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

உள்ளே போவதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கப் பத்திரிகைகள் ‘ஹை கோர்ட்’ என்று எழுதினால் பெரும்பாலும் அது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தைத்தான் குறிக்கும். ஆஸ்திரேலியாவில் நாட்டின் உச்சியில் இருக்கும் நீதிமன்றத்தின் பெயரே ‘ஹை கோர்ட்’. இங்கிலாந்தில் அதே பெயருடைய நீதிமன்றத்துக்கு மேலே மேல்முறையீட்டு நீதிமன்றமும், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றமும் உண்டு. இந்தியாவில் அது மாநில அளவிலான உயர் நீதிமன்றம். வெளிநாட்டுச் செய்தியை அவசரமாக மொழிபெயர்த்து ‘அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பு’ என்று போடும்போது, மேல்முறையீட்டுக்கு இன்னும் இடமிருக்கிறது என்று வாசகர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அது கடைசிப் படி. இந்தக் கட்டுரையில் நான் பேசுவது அந்தக் கடைசிப் படியைப் பற்றி.

என்ன சொன்னது?

இது மிகச் சுலபமான கேள்வி போலத் தெரியும். 2012 ஜூன் 28 அன்று அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செல்லுமா என்ற வழக்கில் அன்று காலை தீர்ப்பு. காப்பீடு எடுக்காதவர்கள் அபராதம் கட்ட வேண்டும் என்ற பிரிவின் மீதுதான் முக்கியத் தகராறு. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் முன்பகுதி, வணிகத்தை முறைப்படுத்த நாடாளுமன்றத்துக்கு இருக்கும் அதிகாரத்தின் கீழ் இந்தப் பிரிவை நியாயப்படுத்த முடியாது என்றது. அதைப் படித்ததுமே சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் அந்தப் பிரிவு ரத்தானதாக அறிவித்துவிட்டன. சில பக்கங்கள் தள்ளி, இதை ஒரு வரியாகக் கருதலாம், வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் செல்லும் என்று அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. 5-4 என்ற கணக்கில் பிரிவு பிழைத்தது. டிவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒபாமாவே சில நிமிடங்கள் தோற்றுவிட்டதாக நினைத்திருக்கிறார்.

ஒரு தீர்ப்பைப் படிக்கப் பழகியவர் எங்கே முதலில் பார்ப்பார் என்று எனக்குக் கற்றுத் தந்ததும் இந்தச் சம்பவம்தான். அவர் முதல் பக்கத்தோடு நிற்க மாட்டார். கடைசியில் உத்தரவு என்ன, யார் யார் எந்தப் பகுதியில் சேர்ந்தார்கள் என்பதைத் தேடுவார். ‘முதலில் மனுதாரர் வாதத்தை ஏற்றுக்கொண்டதுபோல எழுதிவிட்டு, பிறகு வேறு வழியாக எதிர்த்தரப்புக்கே சாதகமாக முடிப்பது’ நீதிபதிகளுக்குப் புதிதல்ல. சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டு மாணவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

‘தள்ளுபடி’ என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். 2024 ஜூன் 13 அன்று, கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனுக்கு எதிரான வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று நிராகரித்தது. மாத்திரைக்கு அளிக்கப்பட்ட அனுமதி சரி என்று ஒன்பது பேரும் சொன்னதாகப் பலர் புரிந்துகொண்டார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்விக்கே போகவில்லை. வழக்குப் போட்ட மருத்துவர்களுக்கு நேரடியான பாதிப்பு எதுவும் இல்லை, ஆகவே வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பதோடு முடித்துக்கொண்டது. ‘தீர்ப்பு வந்தது, ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது’ என்று ஒரு பேராசிரியர் டிவியில் சொன்னால் அவர் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். பல நேரங்களில் அன்றைய தினத்தின் மிகச் சரியான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எந்தக் காரணத்தால்?

பேராசிரியர்கள் தங்கள் சம்பளத்துக்கு முழுக்க வேலை செய்யும் இடம் இது. யார் ஜெயித்தார் என்பது அந்த இரு தரப்புக்கு மட்டும். ஏன் ஜெயித்தார் என்பது இனிமேல் வரப்போகும் எல்லா வழக்குகளுக்கும். கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது அந்தக் காரணம்தான். தீர்ப்பின் முடிவுக்கு அவசியமாக இருந்த காரணத்தைச் சட்டக்காரர்கள் ‘ரேஷியோ’ என்கிறார்கள். போகிறபோக்கில் நீதிபதி சொல்லிச் சென்ற மற்ற கருத்துகள் ‘ஓபிட்டர்’. செய்தித்தாள் தலைப்பில் வருவது பல சமயம் ஓபிட்டர்தான். மேற்கோள் காட்ட வசதியாக, காரசாரமாக இருக்கும். ஆனால் அது பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

இதில் எண்ணிக்கைச் சிக்கல் வேறு. 2022 ஜூன் 24 அன்று வந்த டாப்ஸ் வழக்குத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்த வழக்கு. அது 6-3 என்று சிலரும், 5-4 என்று சிலரும் சொன்னார்கள். இரண்டுமே சரி. பதினைந்து வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுத்த மிஸிஸிப்பி மாநிலச் சட்டம் செல்லும் என்று சொன்னவர்கள் ஆறு பேர். ரோ தீர்ப்பையே ரத்து செய்ய வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர் மட்டும். ஆறாமவரான ராபர்ட்ஸ், மாநிலச் சட்டத்தைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று தனியாக எழுதினார். ஒருவர் முடிவோடு ஒத்துப்போய்க் காரணத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதை இதைவிட எளிதாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியாவில் இதன் உச்சம் கேசவானந்த பாரதி வழக்கு. 1973 ஏப்ரல் 24 அன்று, 13 நீதிபதிகள் 11 தனித்தனித் தீர்ப்புகள் எழுதினார்கள். நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்று 7-6 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் முடிவானது. பதினொரு தீர்ப்புகளில் பெரும்பான்மை எது என்று யார் கூட்டிச் சொல்வது? பெரும்பான்மையின் கருத்து இதுதான் என்று ஒரு சுருக்கக் குறிப்பைத் தயாரித்தார்கள். அதில் ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். அந்தக் குறிப்பையே தீர்ப்பாகக் கொள்ளலாமா என்று சட்ட அறிஞர்கள் பிறகு நெடுங்காலம் விவாதித்தார்கள். அன்று இரவே ஒருவர் வந்து ‘தெளிவான தீர்ப்பு’ என்று சொல்லியிருந்தால் அவர் அதைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

படிப்பது என்றதும் ஒரு கணக்கு. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு 1,448 பக்கம். நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்று தூங்காமல் சாப்பிடாமல் படித்தாலும் 24 மணி நேரம் ஆகும். அன்று மாலை விவாதத்தில் பேசியவர்கள் முழுக்கப் படித்திருக்க முடியாது. அது அவர்கள் குற்றமும் அல்ல. ‘சுருக்கத்தையும் உத்தரவுப் பகுதியையும்தான் பார்த்தேன், மீதி படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறவர் என் பார்வையில் உடனே பத்து மதிப்பெண் கூடுதலாகப் பெறுகிறார். அப்படிச் சொல்கிறவர்களைச் சேனல்கள் இரண்டாம் முறை கூப்பிடுவது அபூர்வம் என்பது வேறு கதை.

சரியா, தவறா?

இங்கேதான் விளக்கம் முடிந்து விமர்சனம் ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டும் பேராசிரியர்களும் உண்டு, காட்டாமலே தாண்டுபவர்களும் உண்டு. கேட்பவர்தான் கவனிக்க வேண்டும்.

விமர்சனம் என்பதால் அதற்கு மதிப்பு குறைவு என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாக, சட்டப் பேராசிரியர்கள் பொதுவெளியில் செய்த மிகப் பெரிய வேலை இந்த வகையைச் சேர்ந்தது. 1972இல் மகாராஷ்டிராவின் ஒரு காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடியினச் சிறுமி வல்லுறவுக்கு ஆளானதாக இரண்டு காவலர்கள் மீது வழக்கு. அமர்வு நீதிமன்றம் விடுவித்தது, மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை, ஆகவே சம்மதித்திருக்கிறாள் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள்.

அந்த மடலின் பலம் கோபத்தில் மட்டும் இல்லை. பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு; சம்மதத்தில் பணிதல் இருக்கலாம், ஆனால் பணிந்துபோனதெல்லாம் சம்மதம் ஆகிவிடாது என்று ஒரு சட்ட வேறுபாட்டை எடுத்து வைத்தார்கள். இரவு நேரத்தில், காவல் நிலையத்துக்குள், அதிகாரம் கையில் இருப்பவர்கள் முன் ஒரு ஏழைச் சிறுமி கூச்சலிட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைக் கேள்வி கேட்டார்கள். பெண்கள் அமைப்புகள் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தன. 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தொடர்பான வல்லுறவு வழக்கில், உடலுறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று அவள் சாட்சி சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதி சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. அந்த இரண்டு காவலர்கள் விடுதலையானது மட்டும் மாறவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 2000 டிசம்பர் 12 இரவு, புளோரிடாவில் வாக்குகளை மறுபடி எண்ணுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, புஷ் அதிபரானார். அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸில் 554 சட்டப் பேராசிரியர்கள் கையெழுத்திட்ட விளம்பரம் ஒன்று வந்தது. நீதிபதிகள் நீதிபதிகளாக நடந்துகொள்ளவில்லை, கட்சிக்காரர்களாக நடந்துகொண்டார்கள் என்பது அதன் சாரம். 554 என்ற எண் மலைக்க வைக்கிறது. ஆனால் அந்த 554 பேரும் தேர்தல் சட்டமோ அரசியல் சாசனமோ சொல்லிக்கொடுப்பவர்களா? ஒப்பந்தச் சட்டம் நடத்துபவருக்கும் தீர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அந்த இடத்தில் அவர் குரல் விவரம் அறிந்த குடிமகனின் குரல், நிபுணரின் குரல் அல்ல. நீதிமன்றத்துக்கு உதவ என்று அமிகஸ் மனுக்களில் பேராசிரியர்கள் கூட்டமாகக் கையெழுத்திடும் வழக்கத்தைப் பற்றி ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் ஃபாலன் தன் சக ஆசிரியர்களையே கடிந்து எழுதியிருக்கிறார். தாம் ஆராயாத விஷயத்தில் ‘அறிஞர்’ என்ற பெயரைக் கடன் கொடுக்காதீர்கள் என்பது அவர் கோரிக்கை.

நான்கு பேர் மடல் ஒரு வாதத்தை வைத்தது. அதைப் படித்து நாமே எடைபோட முடியும். 554 பேர் விளம்பரம் ஒரு எண்ணிக்கையை வைத்தது. பேராசிரியர் பேசும்போது அவர் தருவது காரணமா, பட்டமா என்று பாருங்கள்.

இனி என்ன ஆகும்?

டிவி தொகுப்பாளருக்கு மிகவும் பிடித்த கேள்வி. பேராசிரியருக்கு மிக ஆபத்தான கேள்வி.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுப் பருவத்தில், நான்கு ஆய்வாளர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் சட்ட நிபுணர்கள். அவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள். மறுபக்கம் ஒரு எளிய புள்ளியியல் மாதிரி. வழக்கு எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது, எந்த வகை வழக்கு, மனுதாரர் யார் என்பது போன்ற ஆறு விவரங்கள் மட்டும் அதற்குத் தெரியும். சட்ட நூல் ஒரு வரி படித்ததில்லை. வாய்மொழி வாதத்துக்கு முன்பே இரு தரப்பும் முடிவைக் கணித்துச் சொல்ல வேண்டும். மாதிரி 75 சதவீத வழக்குகளில் சரியாகச் சொன்னது. நிபுணர்கள் 59.1 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இதை வைத்துப் பேராசிரியர்களைக் கேலி செய்பவர்கள் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். நீதிபதிகள் என்ன செய்வார்கள் என்பதும், சட்டம் என்ன சொல்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். பேராசிரியர் இரண்டாவதில் மூழ்கிக் கிடப்பதால்தான் முதலாவதில் வழுக்குகிறார். ஒபாமா சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வணிக அதிகாரத்தை வைத்து அதை எதிர்க்கும் வாதம் நிற்கவே நிற்காது என்று தொடக்கத்தில் அந்நாட்டின் பெரும்பாலான அரசியல் சாசனப் பேராசிரியர்கள் சொன்னார்கள். கடைசியில் ஐந்து நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். வரி என்ற வேறு தூண் இல்லாவிட்டால் பிரிவு விழுந்திருக்கும். அந்த வாதத்தை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் ராண்டி பார்னெட். அவரும் பேராசிரியர்தான்!

இன்னும் சமீபத்தியது: 2023 ஆகஸ்டில் வில்லியம் பாடு, மைக்கேல் பால்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தத்தில் மூன்றாம் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது, கிளர்ச்சியில் ஈடுபட்டவர் என்ற காரணத்தால் டிரம்ப் பதவிக்குத் தகுதியற்றவர் என்பது அவர்கள் முடிவு. இருவரும் பழமைவாதச் சட்டச் சிந்தனை மரபைச் சேர்ந்தவர்கள் என்பதால் அது பெரிய அதிர்வை உண்டாக்கியது. டிசம்பரில் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று அதே முடிவுக்கு வந்தது. 2024 மார்ச் 4 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை 9-0 என்று தள்ளிவிட்டது. ஒன்பது பேரும் ஒரே முடிவு; காரணத்தில் மட்டும் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் ‘இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்’ என்று ஒரு பக்கம். ஆய்வு தவறு என்று ஆகிவிட்டதா? அதன் வரலாற்று ஆதாரங்கள் இன்றும் விவாதத்தில் இருக்கின்றன. கணிப்பாக எடுத்துக்கொண்டவர்கள்தான் ஏமாந்தார்கள்.

சொற்களையும் அவர்களே தருகிறார்கள்

பேராசிரியர்களின் செல்வாக்கு டிவி பேட்டியோடு முடிவதில்லை. சில சமயம் தீர்ப்புக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. முழு விசாரணை இல்லாமல், பல நேரம் காரணமும் எழுதாமல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிறப்பிக்கும் அவசர உத்தரவுகளை இன்று எல்லாப் பத்திரிகைகளும் ‘ஷேடோ டாக்கெட்’ என்கின்றன. மேலே சொன்ன அதே வில்லியம் பாடு 2015இல் உருவாக்கிய சொல் அது. பெயர் கிடைத்த பிறகுதான் அது ஒரு பிரச்சினையாகவே பலர் கண்ணில் பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23. நான்கே நாட்களில் நிக் பார்பர், டாம் ஹிக்மன், ஜெஃப் கிங் என்ற மூன்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: வெளியேறும் அறிவிப்பைப் பிரதமர் தானாகக் கொடுக்க முடியாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். வேறு பேராசிரியர்கள் பலர் மறுத்து எழுதினார்கள். 2017 ஜனவரி 24 அன்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 8-3 என்று நாடாளுமன்றம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதற்கிடையில் ஹிக்மன் அந்த வழக்கிலேயே வழக்கறிஞராக ஆஜரானார். அவர் பேராசிரியராகப் பேசுகிறாரா, வழக்கறிஞராகப் பேசுகிறாரா என்று கேட்க வேண்டிய இடம் அது. அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாடம் நடத்திக்கொண்டே வழக்காடுவது சகஜம். நேர்மையான செய்தியாளர் ‘இந்த வழக்கில் மனுதாரர் சார்பில் ஆஜரானவர்’ என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்தியாவில் விதிகள் வேறு மாதிரி. தொழில் செய்யும் வழக்கறிஞர் சட்ட வகுப்பு எடுக்கலாம், ஆனால் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. முழுநேர ஆசிரியர் பணியில் இருப்பவர் பொதுவாக வழக்காட முடியாது. ஆகவே நீதிமன்றத்தின் அன்றாடம் தெரிந்தவர்கள் ஒரு பக்கமும், ஆற அமரப் படிப்பவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கிறார்கள். சேனல்கள் பெரும்பாலும் முதல் பக்கத்துக்குத்தான் போன் செய்கின்றன. என்னைக் கேட்டால் அது நஷ்டம்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை. 1965 பிப்ரவரியில் டீட்ரிஷ் கோன்ராட் என்ற ஜெர்மானியச் சட்டப் பேராசிரியர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா என்பது பொருள். சாசனத்தையே ஒழித்து முகலாய ஆட்சியை மீண்டும் கொண்டுவரத் திருத்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். இந்தியாவைத் ‘தமிழ்நாடு’, ‘இந்துஸ்தான்’ என்று இரண்டாகப் பிரித்து முதல் பிரிவைத் திருத்த முடியுமா என்றும் கேட்டார். ஹிட்லருக்கு முன்பிருந்த வைமர் குடியரசு சட்டப்படியே சரிந்து போனதைக் கண்ட நாட்டிலிருந்து வந்தவர் அவர். ஜெர்மனியின் புதிய சாசனத்தில் சில அடிப்படைகளை எவராலும் திருத்த முடியாது. அவர் கேள்விகளை மூத்த வழக்கறிஞர் எம்.கே. நம்பியார், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியுமா என்ற கோலக்நாத் வழக்கில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அன்று முழுதாக ஏறவில்லை. சொற்பொழிவுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா தன் தீர்ப்பில் கோன்ராடை மேற்கோள் காட்டினார். ஒரு வகுப்பறைச் சொற்பொழிவு ஒரு நாட்டின் சாசனத்துக்கு வேலியாயிற்று.

போனில் இருபது நிமிடம், அச்சில் ஒரு வரி

ஒரு கருத்து எப்படி நம்மிடம் வந்து சேர்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீர்ப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் செய்தியாளர் நான்கைந்து பேருக்குப் போன் செய்வார். யார் எடுக்கிறாரோ அவர்தான் அன்றைய நிபுணர். பேராசிரியர் இருபது நிமிடம் பேசுவார். ‘இது இந்த வகைச் சட்டத்துக்கு மட்டும் பொருந்தும்’, ‘சீராய்வு மனு வரலாம்’, ‘பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதியின் எதிர்த் தீர்ப்பில் ஒரு நல்ல புள்ளி இருக்கிறது’ என்றெல்லாம் அடுக்குவார். அச்சில் வருவது ‘இது வரலாற்றுத் தீர்ப்பு என்கிறார் பேராசிரியர்’. அடைமொழிதான் தங்குகிறது, நிபந்தனைகள் உதிர்ந்துவிடுகின்றன. அதனால் ஒரே நபர் நாளிதழில் சொன்னதாக வருவதும், ஒரு வாரம் கழித்துத் தன் பெயரில் எழுதும் கட்டுரையும் இரண்டு வேறு ஆட்கள் எழுதியவை போலத் தோன்றும். முடிந்தால் இரண்டாவதுக்குக் காத்திருங்கள்.

எதிரும் புதிருமாக இரண்டு பேரை உட்கார வைத்தால் சமநிலை வந்துவிட்டது என்று சேனல்கள் நினைக்கின்றன. துறையில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரு பக்கம் இருக்கும் விஷயத்தையும் அது பாதிக்குப் பாதி போலக் காட்டும். உண்மையிலேயே துறை பிளவுபட்டிருக்கும் விஷயத்தில் ஒரே ஒருவரை மட்டும் கேட்டால் அதுவும் கோணல். ‘உங்கள் கருத்தோடு ஒத்துப்போகாத நல்ல அறிஞர் யார், அவர் என்ன சொல்வார்?’ என்று செய்தியாளர் கேட்டு, பேராசிரியர் அதற்கு நியாயமாகப் பதில் சொன்னால், அந்தப் பேட்டியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்பைத் திட்டினால் அவமதிப்பு வழக்கு வராதா என்று சிலர் கேட்பதுண்டு. முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டின் இந்திய நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவே சொல்கிறது. தீர்ப்பு தவறு என்பது விமர்சனம்; நீதிபதி காசு வாங்கிக்கொண்டு எழுதினார் என்பது வேறு வகை. நீதிமன்றத்தை இழிவுபடுத்தும் பேச்சு என்ற பழைய குற்றத்தை இங்கிலாந்து 2013இல் ஒழித்தேவிட்டது. நீதி என்பது கதவடைத்து வைக்கும் நற்பண்பு அல்ல, சாதாரண மனிதர்களின் மரியாதையான, அதேசமயம் ஒளிவில்லாத விமர்சனத்தை அது தாங்கத்தான் வேண்டும் என்று பிரிட்டிஷ் நீதிபதி அட்கின் பிரபு சொன்னது 1936இல்.

கடைசியாக, பேராசிரியர் இல்லாமலும் நீங்களே கொஞ்ச தூரம் போகலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முக்கியத் தீர்ப்புகளின் முன்னால் ‘சிலபஸ்’ என்று ஒரு சுருக்கம் இருக்கும். அது நீதிபதிகள் எழுதியது அல்ல, தீர்ப்பின் பகுதியும் அல்ல என்று அதிலேயே போட்டிருக்கும், ஆனாலும் வழி காட்டும். இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் சுருக்கம் ஒன்றை வெளியிடுகிறது. அதைப் படித்துவிட்டு, எதிர்த் தீர்ப்பின் முதல் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். பெரும்பான்மை எதைச் சொல்லாமல் விட்டது என்பதைத் தோற்ற நீதிபதி ஒருவர் அங்கே எழுதி வைத்திருப்பார். அதற்குப் பிறகு டிவியைப் போடுங்கள்.